மயிர் நீத்து உயிர் காக்கும் விலங்கு

தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில், பாறை இடுக்குகளில் கூட்டமாக வாழும் சின்சில்லா என்னும் சிறு கொறிவிலங்கைப் பற்றிச் சில நாள்களாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அணிலைவிடப் பெரியது, முயலைவிடச் சிறியது. இன்று பல நாடுகளில் வீட்டு வளர்ப்புப் பிராணி. வாங்கி வந்தவர்கள் பலரும் சொல்லும் முதற்குறை ஒன்றுதான்: கை நீட்டினால் ஓடி ஒளிகிறது, நம்ப மறுக்கிறது. இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

சிலியில் பிறந்த யுவான் இக்னாசியோ மோலினா என்ற இயேசு சபைத் துறவி, 1782இல் இத்தாலியின் பொலோஞாவில் வெளியிட்ட தம் நூலில் இவ்விலங்கை வருணித்தார். அவர் காட்டும் சின்சில்லா முற்றிலும் சாது. கையிலெடுத்தால் கடிக்காது, தப்பியோட முனையாது, வருடக் கொடுத்து மகிழும். ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து, லண்டன் விலங்கியல் கழகத்தின் தோட்டத்தில் உயிருள்ள சின்சில்லாவைக் கண்டு எழுதிய பென்னட் வேறொன்று சொல்கிறார்: இயல்பில் சாந்தமானதே, ஆயினும் கையிலெடுத்தால் எதிர்க்கும், விளையாடும் மனநிலையில் இல்லாதபோது கொஞ்ச வரும் கையைக் கடிக்கவும் செய்யும்.

எதை நம்புவது? எசுப்பானிய மன்னர் 1767இல் இயேசு சபையினரை வெளியேற்ற ஆணையிட்டபோது நாடிழந்தவர் மோலினா. தாயகத்தைக் கடலுக்கப்பால் இருந்துகொண்டு பெரும்பாலும் நினைவின் துணையோடு எழுதியவர். அந்த நினைவில் ஊரின் விலங்குகள்கூடக் கனிந்துபோயிருக்கலாம். எமக்குப் பென்னட்டின் சொல்லே நெருக்கமாகப் படுகிறது. விலங்குக்கும் ஒரு மனநிலை உண்டென்று அவர் ஏற்கிறார் அல்லவா?

மனிதக் கைகள் அந்த மனநிலையைக் கேட்கவில்லை. சின்சில்லாவின் ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மெல்லிழைகள் முளைக்கின்றன. அந்த அடர்த்தியே அதற்கு எமனாயிற்று. ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவைப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தோல்கள் சிலியின் துறைமுகங்களிலிருந்து கப்பலேறின. 1910இல் சிலி, பொலிவியா, பெரு, அர்ஜென்டினா ஆகியவை வேட்டையைத் தடுக்க உடன்பாடு கண்டபோது, காப்பதற்கு மிகச் சிலவே எஞ்சியிருந்தன.

ஆந்தையோ நரியோ பற்றும் நொடியில் சின்சில்லா கொத்தாக மயிரை உதிர்த்துவிட்டு நழுவும். பல்லி வாலை விடுவதைப் போல. மயிர் நீத்தால் உயிர் வாழாத கவரிமாவைக் குறளில் அறிந்தவர்கள் நாம். இதுவோ மயிரை நீத்து உயிர் காக்கிறது. வீட்டில் அவசரப்பட்டு இறுகப் பிடிப்பவர் கையிலும் அந்தக் கொத்துதான் மிஞ்சும்.

வளர்ப்புச் சின்சில்லாக்களின் கதை மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளரிடம் தொடங்குகிறது. சிலியில் ஒரு தாமிரச் சுரங்கத்தில் பணியாற்றிய அவரிடம், 1918 வாக்கில் உள்ளூர்வாசி ஒருவர் தகரப் பெட்டியில் ஒரு சின்சில்லாவை விற்க வந்தார். வாங்கியவருக்கு அவற்றை வளர்த்துப் பெருக்கும் ஆசை பிறந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்களை வைத்து மூன்றாண்டுகள் தேடியும் கிடைத்தவை ஏறத்தாழ ஒரு டஜன்தான். குளிருக்குப் பழகிய அவற்றை உடனே சமவெளிக்குக் கொண்டுவந்தால் மடியும். ஆகவே ஓராண்டு போல எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக, தங்கித் தங்கி இறக்கினார். கப்பலில் கூண்டுகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்தார். 1923இல் அவை கலிஃபோர்னியா வந்துசேர்ந்தன. இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வழித்தோன்றல்களே.

இத்தனை பொறுமையும் ரோமத்துக்காகத்தான். சாப்மன் உருவாக்கியது தோல் பண்ணை. விலங்கின் உடல் எதைத் தாங்கும் என்பதை அவர் அளவுக்கு அறிய முயன்றவர்கள் அன்று குறைவு. அந்த அறிவு போய்ச் சேர்ந்த இடத்தை எண்ணும்போது பாராட்ட நா எழவில்லை. சிலியின் இயாப்பெல் நகருக்கு அருகே 1983இல் இவற்றுக்கெனக் காப்பகம் அமைந்தது. எனினும் காட்டுச் சின்சில்லா இன்றும் அழியும் நிலையிலுள்ள உயிரினமே.

வீட்டில் அதன் நம்பிக்கையைப் பெற முயல்பவர்களும் அந்த மலையிறக்கத்தைத்தான் மீண்டும் நிகழ்த்துகிறார்கள், தோலை விரும்பாமல். சின்சில்லா விழித்தெழும் அந்திப்பொழுதில் கூண்டருகே தரையில் அமர வேண்டும். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. ஆகவே கை தாழ்ந்து, உள்ளங்கை விரிந்து, அசையாமல் கிடக்க வேண்டும். ஓட்ஸ் சில மணிகள் போதும். துரத்திப் பிடித்தால் பல நாள் உழைப்பு ஒரு மாலையில் வீண். முதலில் மோப்பம், பிறகு மீசை உரசல், பிறகொரு நாள் உள்ளங்கையில் முன்கால்கள். அப்போதும் விரல்களை மடக்கக் கூடாது. சிலவற்றுக்கு இது ஒரு வாரத்தில் நிகழ்கிறது. சிலவற்றுக்குப் பல மாதங்கள்.