ஜாடியும் தொட்டியும்

திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகம் 1910-இல் உருவானபோது புதுக்கோட்டைக்குக் கடல் கிடையாது. தொண்டைமான் சமஸ்தானத்தைச் சுற்றி நாலா பக்கமும் நிலம்தான். 1974-இல் தனி மாவட்டமான பிறகே கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் தஞ்சையிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தன.

அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளையும் கல்வெட்டுகளையும் பார்க்க வருகிறவர்கள் விலங்கியல் பிரிவை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மண்டபம் முகாமுக்கோ கூட்டம் தொட்டி மீனுக்காகவே வருகிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் சென்னையிலிருந்து அங்கே போனது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறியபோதும் மண்டபத்தில் ஆய்வு நிற்கவில்லை.

தொட்டி முன்னால் நின்றால் கோமாளி மீன் கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வரும். உடம்பில் பூசியிருக்கும் வழுவழுப்பு அதைக் காக்கிறது. அதே மீனை அருங்காட்சியக ஜாடியில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஆரஞ்சு நிறம் கொஞ்ச நாளில் வெளிறிவிடும், கண் பால்போல வெளுத்துவிடும். பிள்ளைகளுக்குப் பிடிக்காததில் வியப்பில்லை.

ஆனால் நான் ஜாடியின் கட்சி. துடுப்பிலுள்ள முள்ளை எண்ண வேண்டுமா, செவுள் மூடி எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டுமா, தொட்டி மீன் நமக்காக நிற்காது. தொட்டிக்குச் செலவும் அதிகம்: கடல்நீர், காற்று, தீனி, எதுவும் ஒருநாள் தவறக்கூடாது. மெரினாவில் 1909-இல் திறந்த மீன் காட்சியகம் இரண்டாம் உலகப் போரோடு மூடப்பட்டது. ஓராண்டு இளையதான திருக்கோகர்ணம் இன்றும் இருக்கிறது.

ஜாடிக்கும் தொட்டிக்கும் அடங்காத ஒன்று ஆவுளியா என்கிற கடற்பசு. 1960-களில் மண்டபத்தில் இரண்டை உயிரோடு வளர்த்தார்கள். அத்தனை பெரிய உடம்பு, தின்பதோ கடற்புல். தொட்டியில் எத்தனை நாள் பார்த்தாலும் அது புல்மேடு தேடி அலையும் வழி தெரியாது. எலும்பும் அதைச் சொல்லாது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடலே இல்லாமல் அருங்காட்சியகம் கட்டிய ஊருக்கு இப்போது அந்தக் கடலில் பங்கு.

கோட்டைப்பட்டினம் கரையில் காத்து நின்றாலும் கடற்பசுவின் முழு உருவம் கிடைக்காது. மூச்சு வாங்க மேலே வரும்போது பெரும்பாலும் மூக்கு நுனி மட்டும் தெரியும்.