பிண்டம் வைக்காத வாரிசுகள்

புரட்டாசி பிறந்து மகாளய அமாவாசை வந்துவிட்டால் இராமேசுவரம் கடற்கரையும் காவிரிப் படித்துறைகளும் நிரம்பி வழிகின்றன. எள்ளும் தண்ணீரும் இறைத்து முன்னோர் கடனைத் தீர்க்கிறார்கள். மறுநாளே நவராத்திரி, பத்தாம் நாள் விஜயதசமி. மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் இந்தப் பருவத்தை வடக்கே சரத்காலம் என்கிறார்கள். குடும்பம் என்றால் யார் யார் என்று செத்தவர்களையும் சேர்த்துக் கணக்கெடுக்கிற காலம் இது. அந்தக் கணக்கில் நம் பாட்டன் பாட்டிகளுக்கு என்ன இடம் இருந்தது? இதைப் பண்டிகைச் சிறப்பிதழ்கள் எழுதமாட்டா. நாம்தான் பேச வேண்டும்.

மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் சிரார்த்தத்துக்கு விதி சொல்கிறது. சிரார்த்தச் சோற்றைப் பார்ப்பனர் உண்ணும்போது யார் பார்வை படக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. சண்டாளர், பன்றி, சேவல், நாய், மாதவிலக்கான பெண், ஆண்மையற்றவர். இறந்துபோன தகப்பனை நினைத்து அழுகிற இடத்திலும் தீட்டைக் காவல் நிறுத்திய சமூகம் இது. பட்டியலில் இருப்பவர்களைக் கவனியுங்கள். நம்மைத் தள்ளிவைத்த அதே வரி அந்த வீட்டுப் பெண்ணையும் தள்ளிவைக்கிறது.

சடங்கோடு இது முடிந்துவிடவில்லை. பிண்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழியிலேயே போகிறது. வங்காளத்தில் வழங்கிய தாயபாக முறையில், பிண்டம் வைத்து யார் முன்னோருக்குப் பயன் தருகிறாரோ அவருக்கே சொத்தில் முன்னுரிமை. வீட்டுக்குள் யாருக்கு நிலம், யாருக்கு வெறுங்கை என்பதையும் எள்ளுருண்டைதான் தீர்மானித்தது.

குடும்பத்துக்கும் சாதிக்கும் உள்ள இந்த முடிச்சை அண்ணல் அம்பேத்கர் இளமையிலேயே கண்டுகொண்டார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதிகள் குறித்து அவர் கட்டுரை வாசித்தபோது வயது 25. சாதியின் சாரம் அகமணமே என்று அதில் வாதிட்டார். உடன்கட்டை, விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் பெண்ணைச் சொந்த சாதிக்குள்ளேயே பூட்டிவைக்கும் கருவிகள் என்று விளக்கினார். சாதி உற்பத்தியாவது கோயிலில் அல்ல, கல்யாணப் பந்தலில்.

அதனால்தான் சட்ட அமைச்சரானதும் இந்து சட்டத் தொகுப்பைக் கையில் எடுத்தார். மகளுக்குச் சொத்தில் பங்கு, மணமுறிவு உரிமை, சாதி கடந்த மணத்துக்குச் சட்ட ஏற்பு என்று அவர் கேட்டபோது 'குடும்பம் சிதைந்துவிடும்' என்ற கூச்சல்தான் பதிலாக வந்தது. மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் பதவி விலகினார். பிறகு அது துண்டு துண்டாக நிறைவேறியது. இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 ஜூனில். நான்கே மாதத்தில், சட்டம் தொடாத இடத்தை அண்ணல் தானே தொட்டார்.

1935 அக்டோபர் 13 அன்று நாசிக் அருகே இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், மே 27இல், ரமாபாய் மறைந்திருந்தார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தாய் அவர். அறிவிப்புக்கு இருபத்தோராண்டு கழித்து, 1956 அக்டோபர் 14, விஜயதசமி நாளில் நாக்பூரில் அந்தச் சொல் நிறைவேறியது. அசோகர் பௌத்தம் தழுவிய நாள் என்று மரபு சொல்லும் நாள் அது. ஆர்.எஸ்.எஸ். அதே நாக்பூரில் 1925இல் ஒரு விஜயதசமியன்று தொடங்கப்பட்டது. அதற்குப் போட்டியாகவே அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார் என்ற பேச்சை அண்ணல் மறுநாள் உரையில் மறுத்தார். பௌத்தம் பரப்பிய நாகர்களின் மண் என்பதே தம் காரணம் என்றார்.

அந்த மேடையில் நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தீட்சைக்கு முன் அண்ணலின் தந்தை ராம்ஜியை நினைத்துக் கூட்டம் ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நின்றது. பிறகு, குசிநகரில் வாழ்ந்த மூத்த பிக்கு சந்திரமணி மகாதேரரிடம் அண்ணலும் சவிதாவும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மும்மணியும் பஞ்சசீலமும் ஏற்றார்கள். சவிதா பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அகமணத்தை எழுத்தில் உடைத்தவர், வாழ்க்கையிலும் உடைத்துவிட்டு அங்கே நின்றார். கூடியிருந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் வெள்ளை உடுத்தியிருந்தனர். கைம்பெண்ணின் அடையாளமாக்கப்பட்ட வெள்ளைச் சேலையில் சுமங்கலிகள் கணவனோடும் பிள்ளைகளோடும் நின்றார்கள். அதன்பின் அண்ணலே அவர்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக்கொடுத்தார். சிரார்த்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது ஆறாவது. எட்டாவது, பார்ப்பனரைக் கொண்டு எந்தச் சடங்கும் நடத்தமாட்டேன் என்பது. மனிதர் அனைவரும் சமம் என்பது ஒன்பதாவது.

தகப்பனுக்காக எழுந்து நின்ற கூட்டம்தான் பிண்டம் வைக்கமாட்டோம் என்றது. இதில் முரண் ஏதுமில்லை. முன்னோரை நினைக்க இடைத்தரகர் வேண்டாம், நினைப்பதற்காக இன்னொருவனை இழிவாக்க வேண்டாம் என்பதே அதன் பொருள். அந்த மைதானத்தில் கூடியவர்கள் இரத்தத்தால் மட்டும் உறவானவர்கள் அல்லர். ஒரே உறுதிமொழியால் உறவானவர்கள்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. வீட்டுத் தெய்வங்களை ஆற்றில் விட்ட பிள்ளைகளுக்கும் விடமறுத்த பெரியவர்களுக்கும் இடையே வீடுகளில் மனக்கசப்பு வந்தது. பௌத்தரானவர்களுக்கு ஒன்றிய அரசின் பட்டியல் சாதி உரிமைகள் 1990 வரை மறுக்கப்பட்டன. ஒரு தலைமுறையே தன் பிள்ளைகளின் வேலைவாய்ப்பைப் பணயம் வைத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. 1951இல் சுமார் 1.8 இலட்சமாக இருந்த இந்திய பௌத்தர் தொகை 1961இல் 32.5 இலட்சமானது. இன்றும் விஜயதசமிக்குத் தீக்சாபூமிக்குக் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வருகிறார்கள். ஊர் திரும்பும்போது மூட்டையில் புத்தகம் இருக்கிறது.

தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. நாக்பூருக்கு 58 ஆண்டுகள் முன்பே, 1898இல், பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பௌத்தப் பொருள் எழுதினார். பண்டிகையை வெறுமனே மறுக்காமல் அதன் பொருளை மீட்டெடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தவர் அவர்.

இனி நம் வீட்டுக் கணக்கு. அண்ணலின் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். மகளோ மகனோ வேறு சாதியில், நமக்குள்ளேயே இன்னொரு பிரிவில் துணை தேடினால் நம் முகம் ஏன் சுருங்குகிறது? ஆதிக்க சாதிக்காரன் பெற்ற மகளையே கொன்றுவிட்டு அதைக் 'குடும்ப கௌரவம்' என்கிறான். அவனை எதிர்த்துத் தெருவில் நிற்கும் நாம், பெண் பார்க்கப் போகையில் உட்பிரிவு விசாரிக்கலாமா? எள்ளுருண்டையை விட்டவர்கள் அகமணத்தையும் விட வேண்டும். இல்லாவிட்டால் ஆறாவது உறுதிமொழி பாதியிலேயே நிற்கும்.

இந்த விஜயதசமிக்குப் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து அந்த 22 உறுதிமொழிகளையும் வாசியுங்கள். ஒன்பதாவது வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, அது நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொடுங்கள்.

ஜெய்பீம்!