கண் திறந்த படம்

பெண்ணாடத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஆயாவின் படம் தொங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் மாலை, நெற்றியில் ஒற்றை ரூபாய். கண்களில் மட்டும் அளவுக்கு மீறிய தெளிவு.

செத்த அன்று எடுத்தது அது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று உயிரோடிருந்தவரை கேமரா முன்னால் அவர் நின்றதே இல்லை. விருத்தாசலத்துக்கு ஆள் அனுப்பிப் போட்டோக்காரரைக் கூட்டிவந்தார்கள். உடல் விறைப்பதற்குள் உட்காரவைத்து, மார்பைத் துணியால் நாற்காலியோடு கட்டி, பின்னாலிருந்து ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டார். ஸ்டூடியோவில் 'டச்சிங்' நடந்தது: தாங்கிய கை மறைந்தது, மூடிய இமைமேல் கருவிழி வந்தது. பதினாறாம் நாள் படத்திறப்புக்குச் செய்தித்தாளில் சுற்றி ரயிலில் வந்து சேர்ந்தது படம். பொய்க்கண் என்று யாரும் சொல்லவில்லை. "ஆயா நம்மளயே பாக்குது" என்றுதான் அழுதார்கள்.

அமெரிக்காவில் இதுபோன்ற வேலை கோர்ட்டுக்குப் போனது. உயிரோடிருப்பவர் படத்தில் செத்தவரின் உருவைச் சேர்த்துக் காசு பார்த்த வில்லியம் மம்ளர்மீது 1869-ல் நியூயார்க்கில் மோசடி வழக்கு நடந்தது. தப்பித்துவிட்டார். நம்மூரில் இந்தப் படங்கள் ஆவணமாகிவிட்டன. பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்படியாக்கியிருக்கிறது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்.

ஆயா படமாகவே ஓட்டுவீட்டிலிருந்து மாடிவீட்டுக்கு வந்தார். பிரிண்ட் போட்டபோது சரியாகக் கழுவாத ஹைப்போ ரசாயனம், படத்தின் ஓரத்தை மஞ்சளாக்கியது. சீரோ வாட் பல்பின் சிவப்பில் அது தெரியாது. பிறகு பேரன் செல்போனில் பிடித்துக் கடையில் கொடுத்தான். வெள்ளைப்புடவைக்குப் பச்சைக்கரை முளைத்தது.

2008-ல் வந்த 'லேக் முங்கோ' என்ற ஆஸ்திரேலியப் படத்தை ஆயா படம் தொங்கும் அந்தக் கூடத்தில்தான் பார்த்தேன். இயக்கியவர் ஜோயல் ஆண்டர்சன். ஆவணப்படம் போலவே இருக்கும். நடிகர்களுக்கு வசனம் எழுதித் தரவில்லையாம், பேட்டியில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். அராரட் ஊர் அணையில் மூழ்கிச் சாகிறாள் பதினாறு வயது ஆலிஸ். அவள் வீட்டுக்குள் உலவுவதுபோலப் படங்கள் கிடைக்கின்றன. அவை அவளுடைய சகோதரன் செய்த டச்சிங். மகள் உடலைப் பார்க்காத அம்மாவுக்கு அவள் செத்தது உறுதியாகட்டும் என்று செய்திருக்கிறான். அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் பயந்தது வேறிடத்தில். வறண்ட முங்கோ ஏரியில் ஆலிஸ் புதைத்த செல்போனைத் தோண்டி எடுக்கிறார்கள். சாவதற்கு முன் அவள் எடுத்த காட்சி அதில் இருக்கிறது. இருட்டிலிருந்து அவளை நோக்கி நடந்து வருகிறது, நீரில் ஊறி வீங்கிய அவளுடைய முகமே.

பெரியப்பாவுக்கு அந்தச் சினிமா பிடிக்கவில்லை. "இதுல என்னடா பயம்?" என்று பீரோவைத் திறந்து ஒரு போட்டோவைக் காட்டினார். போன வருஷம் அவரே ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துச் சட்டம் போட்டு வைத்தது. சந்தனப்பொட்டு, இஸ்திரிச் சட்டை. அடியில் 'தோற்றம்' என்று போட்டுத் தேதி அச்சாகியிருக்கிறது. 'மறைவு' என்பதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது.