நகம் அகற்றப்பட்ட பூனை: மலையக வீடுகளில் பராமரிப்பு

பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்கிறது. ஆகவே நகத்தை நிரந்தரமாக அகற்றுவதென்றால் அந்த எலும்பையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். முன்கால்கள் இரண்டிலும் செய்தால் பத்து விரல் நுனிகள் போய்விடும். கீறலைத் தடுப்பதற்காக மட்டும் இதைச் செய்வது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் குற்றம். நியூயோர்க் மாநிலம் 2019இல் தடை செய்தது. நுவரெலியா, ஹட்டன் தோட்டப்புறங்களில் இதற்கு நியாயமான காரணம் காயமாகத்தான் இருக்க முடியும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி எந்த விலங்கென்று பார்ப்பதில்லை; 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தையொன்று அப்படிச் சிக்கி, பின்னர் இறந்தது. கண்ணியில் நசுங்கி அழுகிய விரலை எடுப்பது பூனையின் உயிரைக் காக்கும் சிகிச்சை.

சிகிச்சை முடிந்து வரும் பூனையை இரண்டு வாரமாவது காம்பராவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். இஸ்தோப்புக்கு விட்டால் கூரைக்குத் தாவும், தையல் பிரியும். மலையகத்து ஈரமும் குளிரும் காயத்துக்கு ஆகாதவை என்பதால் தரையில் சாக்கை மடித்துப் போட்டு, அடுப்படியின் சூடு எட்டும் உலர்ந்த மூலையில் படுக்க வைப்பது நல்லது. மலம் கழிக்க மணலோ அடுப்புச் சாம்பலோ வேண்டாம். அவை காயத்தில் ஒட்டும். கிழித்த பத்திரிகைத் தாளே போதும். காலை நக்கவிடாமல் கழுத்துப்பட்டை அணிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுக்கக் கூடாது என்பது. பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு, ஒரு மாத்திரையே கொல்லக்கூடும். வலிமருந்தை மிருக வைத்தியரிடமே பெற வேண்டும். இரத்தம் நிற்காவிட்டாலும், பாதம் வீங்கினாலும், சீழ் வைத்தாலும், பூனை சாப்பிட மறுத்தாலும் தாமதிக்காமல் அவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள லயத்து வீட்டில் நகமில்லாத பூனைதானே பாதுகாப்பு என்று கேட்கலாம். அந்தக் கவலை நியாயமானது, ஆனால் தீர்வு அதுவல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நகம் அகற்றிய 137 பூனைகளை அதே எண்ணிக்கையான மற்றப் பூனைகளோடு ஒப்பிட்டது. நகம் இழந்தவற்றில் முதுகுவலியும் கடிக்கும் பழக்கமும் கூடுதலாக இருந்தன. விசர்நோய் பெரும்பாலும் கடியால்தான் பரவுகிறது. அதைத் தடுப்பது தடுப்பூசி. சில நாளில் வலி மறைந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல: அதே ஆய்வில் நகம் அகற்றியவற்றுள் 63 சதவீதத்தில் எலும்புத் துணுக்குகள் எஞ்சியிருந்தன. தவிர, எலி பிடிப்பதற்காகவே வளர்க்கும் பூனைக்கு நகம் போனால் வேட்டையாடுவது கடினமாகும், நாய் துரத்தும்போது மரமேறுவதும் சிரமம். அதனால் காயம் ஆறிய பிறகும் அதை வெளியே தனியாக விடக் கூடாது. நலமாக இருக்கும் பூனை கீறுகிறதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்கொருமுறை நக நுனியை மட்டும் வெட்டிவிட்டு, சாக்குச் சுற்றிய மரக்கட்டை ஒன்றை வீட்டில் நிறுத்துங்கள்.