காரின் பின் அச்சு: லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் கிரவுன்–பினியன் விகிதமும்

இயக்கும் சக்கரங்களில் ஒன்று பிடிப்பிழந்து வெறுமனே சுழலும்போது, மற்றச் சக்கரத்துக்கும் இழுவிசை போய்ச் சேரச் செய்யும் பல்சக்கர அமைப்பே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைக் கிரவுன்–பினியன் விகிதம் காட்டுகிறது. இதை இறுதி விகிதம் என்றும் சொல்வர். பின்சக்கரங்கள் இயக்கும் கார்களில் இரண்டும் பின் அச்சின் ஒரே இரும்புக் கூட்டுக்குள் இருக்கின்றன. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அமெரிக்காவில் புதிய கார் வாங்கியவர்கள் பலர் இவ்விரண்டையும் தாமே தேர்ந்தெடுத்துக் கேட்டுப் பெற்றனர்.

முதலில் சாதாரண டிஃபரன்ஷியலைப் பார்ப்போம். கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்றால், ஒரு முழு வட்டத்தில் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 9.4 மீட்டர் அதிகம் ஓடும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வேறுபாடு மாறாது (மாணவர்கள் இதை எளிதில் நம்புவதில்லை, 2πr-ஐ இருமுறை எழுதிக் கழித்துப் பார்க்கட்டும்). ஒரே தண்டில் இறுக்கிய சக்கரங்களால் இப்படி ஓட முடியாது. இதற்குத் தீர்வாக, பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்கான டிஃபரன்ஷியலை 1820களின் இறுதியில் உருவாக்கிக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் அந்தத் தீர்விலேயே ஒரு குறையும் இருந்தது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தருகிறது. ஒரு சக்கரம் பனியிலோ சேற்றிலோ நின்றால், அது தாங்கக்கூடிய மிகச் சிறிய விசைதான் உலர்ந்த தரையில் நிற்கும் மற்றதற்கும் கிடைக்கும். ஒன்று சுழலும், மற்றது அசையாது.

வேகப் போட்டிகளில் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. ஃபெர்டினாண்ட் போர்ஷே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக வடிவமைத்த 16 சிலிண்டர் பந்தயக் காரில், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட ஒரு பின்சக்கரம் பிடிப்பிழந்து சுழன்றது. 1935-இல் அவர் இசட்.எஃப் நிறுவனத்திடம் இதற்குத் தீர்வு கேட்டார். அதன் பயனாக வந்ததே அந்நிறுவனத்தின் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்.

விகிதத்தின் கதை வேறு. ஃபோர்டு மாடல் டி காரில் பினியனுக்கு 11 பற்கள், கிரவுனுக்கு 40 பற்கள், விகிதம் 3.64. எண் பெரிதானால் இழுவை கூடும். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். ஒரு கணக்கு: டயரின் சுற்றளவு 2 மீட்டர், வேகம் மணிக்கு 96 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 800 முறை சுற்றும். கடைசி கியர் நேரடி கியராக இருந்தால், 3.08 விகிதத்தில் எஞ்சின் 2,464 சுற்றுகள் சுற்றும், 4.11 விகிதத்தில் 3,288. இந்த வேறுபாடு பெட்ரோல் செலவிலும் இரைச்சலிலும் தெரியும்.

அமெரிக்காவில் 1956 மாடலுக்குப் பேக்கார்டு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைத் தந்தது. அடுத்த ஆண்டு செவர்லே 'பாசிட்ராக்ஷன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. கிரைஸ்லர் 'ஷூர்-கிரிப்' என்றது. பான்டியாக் 'சேஃப்-டி-டிராக்' என்றது. பெயர் பலவானாலும் பெரும்பாலானவற்றின் உள்ளே கிளட்ச் தட்டுகளின் உராய்வுதான் வேலை செய்தது. 1957 கொர்வெட்டில் பாசிட்ராக்ஷனை 3.70, 4.11, 4.56 ஆகிய விகிதங்களில் கேட்டுப் பெறலாம். இரண்டையும் சேர்த்து விற்றதில் பொருள் இருந்தது. விகிதத்தைக் கூட்டினால் சக்கரத்துக்கு வரும் முறுக்குவிசை கூடும்; பிடிப்பு இல்லாவிட்டால் அந்த விசை ஒரு டயரைத் தேய்க்க மட்டுமே பயன்படும்.

என் கருத்தில், அன்றைய வாங்குநர்கள் பலர் தவறிய இடமும் இதுவே. கால் மைல் நேர்ப்பந்தயத்துக்குப் பொருந்தும் 4.56-ஐ, அன்றாடம் நெடுஞ்சாலையில் ஓட்டும் காருக்கு வாங்கினால் எஞ்சின் ஓயாமல் கத்தும். ஃபோர்டின் 'டிராக் பேக்' தொகுப்பில் 4.30 விகிதத்துடன் கிடைத்த 'டெட்ராய்ட் லாக்கர்' இன்னும் கடுமையானது. அது இரு சக்கரங்களையும் முழுமையாகப் பிணைத்து, திரும்பும்போது மட்டும் 'டக்'கென்ற ஓசையுடன் விடுவிக்கும். பந்தயத்துக்குச் சரி, கடைத்தெருவுக்கு ஆகாது.

வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, கிளட்ச் தட்டு இல்லாமல் புழுப்பல்சக்கரங்களைக் கொண்டே இதைச் செய்தது. பின்னாளில் 'டார்சன்' என்று பெயர் பெற்று, 1980களில் ஆடி குவாட்ரோ கார்களின் நடு டிஃபரன்ஷியலாக அமர்ந்தது. தேயும் தட்டுகள் இல்லாதது இதன் நன்மை. ஆனால் ஒரு சக்கரம் தரையைவிட்டு முழுதும் எழும்பினால் இதுவும் பெரிதாக உதவாது. பிடிப்புள்ள சக்கரத்துக்கு இது தருவது மற்றதன் விசையின் ஒரு மடங்கே. சுழியை எத்தனை மடங்காக்கினாலும் சுழிதானே.

1973 எண்ணெய் நெருக்கடி இந்தத் தெரிவுகளைச் சுருக்கியது. 1975-இல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. 1978 மாடல் கார்களிலிருந்து அதன் அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. பின் அச்சுகளில் 2.73, 2.41 போன்ற சிறிய எண்கள் பரவின. முன்சக்கர இயக்கமும், சுழலும் சக்கரத்தை பிரேக்கால் அடக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் பின்னர் வந்தன. இன்று இத்தகைய தெரிவு முக்கியமாகப் பிக்கப் வண்டிகளில்தான் எஞ்சியிருக்கிறது.

பழைய காரைப் புதுப்பிப்போர், உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய ஓர் எளிய சோதனை செய்வர். காரைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். மற்றச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல். அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர். (கிளட்ச் தட்டு தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் எதிர்த்திசையில் சுற்றி ஏமாற்றக்கூடும்.) பிறகு இரு சக்கரங்களையும் சேர்ந்தாற்போல் ஒரு சுற்றுச் சுற்றி, தண்டில் இட்ட சுண்ணக்கட்டிக் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். நான்கு சுற்றுக்குச் சற்று மேலே போய் நின்றால், அது 4.11.