கோட்டுப் போடாதே, கோட்டுப் போட்டு வா

கொல்லிமலை தேவனூர் நாட்டைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அலுவலகத்தில் எல்லோரையும் சொகுசுக் கப்பலில் மூன்று நாள் சுற்றுலா கூட்டிப் போகிறார்களாம். கையில் கொடுத்த தாளில் இரண்டாம் நாள் இரவு 'ஃபார்மல் நைட்' என்று போட்டிருக்கிறது. ஆண்களுக்குக் கோட்டு, டை, கறுப்பு ஷூ. வாடகைக்கு எடுத்தாவது போட்டு வர வேண்டுமாம். "எனக்கு அதில் விருப்பமே இல்லண்ணா. அந்த ராத்திரி மட்டும் அறையிலேயே இருந்துட்டா தப்பா? அது பயந்து ஒதுங்குறதா ஆயிடுமா?"

முதல் கேள்விக்குப் பதில் எளிது. தப்பே இல்லை. இந்தக் கப்பல்களில் உடை விதி பெரும்பாலும் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும்தான். வேறொரு தளத்தில் நாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் இடம் திறந்திருக்கும். அங்கே சாதாரணச் சட்டை பேண்ட்டோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு, கடல் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது.

கப்பலில் சாப்பாட்டு மேசைக்குப் போகாமல் அறையிலேயே ஒதுங்கியவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் காந்தி. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போனபோது அவருக்கு வயது 18. கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இருக்கிறது என்று பரிமாறுபவரிடம் கேட்கவும் கூச்சம். வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறையிலேயே தின்றுகொண்டு பயணத்தை ஓட்டியதை அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். லண்டன் போனதும் அந்தக் கூச்சத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்டினார். பாண்ட் தெருவில் பத்துப் பவுண்டு கொடுத்து மாலை விருந்து உடை தைத்தார், உயரத் தொப்பி வாங்கினார், நடனம்கூடக் கற்றுக்கொள்ளப் பார்த்தார். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் எல்லாவற்றையும் களைந்து அரைத்துண்டுக்கு மாறியது அதே காந்திதான். 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது பக்கிங்காம் அரண்மனை விருந்துக்கும் அதே உடையில் போனார். அரசர் வாசலில் நிறுத்தவில்லை.

அந்தப் பெரிய கூடமும் மாலை உடையும் முதல் வகுப்புக்காரர்களின் சமாச்சாரம். நம் மக்கள் போன கப்பலில் அது இருந்ததே இல்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் பட்டியலில் எழுதப்பட்டன. அந்த அடித்தளத்தில் மாலையில் என்ன உடுத்துவது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது 1930க்கு வாருங்கள். நம் வரலாற்றில் நாள் குறித்துப் படிக்க வேண்டிய மாதங்கள் இவை.

அக்டோபர் 4. அம்பேத்கர் பம்பாயில் 'வைஸ்ராய் ஆஃப் இந்தியா' என்ற கப்பலில் ஏறுகிறார். முதல் வட்டமேசை மாநாட்டில் தீண்டப்படாத மக்களின் பிரதிநிதிகள் இருவர். ஒருவர் அவர், மற்றவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், நம் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். அந்த ஒப்பந்தக் கூலிகளின் தென்னாப்பிரிக்காவிலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர். நவம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மாநாட்டைத் தொடங்கி வைக்கிறார். அம்பேத்கர் கோட்டு, டை. சீனிவாசன் கோட்டும் தலைப்பாகையும். தான் தீண்டப்படாதவன் என்று எழுதிய அட்டையைக் கோட்டில் அணிந்துகொண்டே அரசர் முன் போனார், நீட்டிய கையைத் தொடாமல் காரணத்தைச் சொன்னார் என்று நம்மிடையே தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. விருந்து உடை கேட்கும் சபைக்கு விருந்து உடையிலேயே போய், அதன் மேலேயே சாதியின் பெயரை எழுதிக் காட்டிய ஆள் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அதே டிசம்பரில், அவர்கள் லண்டனில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அதே சென்னை மாகாணத்தின் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அவற்றை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். விதித்தவர்கள் கள்ளர்கள் என்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மார்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. தங்கம் வெள்ளி நகை கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அப்போது பிள்ளைகள் படிப்பதும் தடைப் பட்டியலில் சேர்ந்தது.

எட்டில் எத்தனை உடம்பின் மேல் போடுவதைப் பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். நிலம் கேட்காதே, கூலி கேட்காதே என்பதை முதலில் துணியில்தான் எழுதினார்கள். திருவிதாங்கூரிலும் இப்படித்தான். நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடி, 1859 ஜூலை 26 அன்று அரசாணை பெற்றார்கள். அந்த ஆணையிலும் ஒரு கொக்கி. மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது. மறைப்பது பிரச்சினையில்லை, ஒரே மாதிரி தெரிவதுதான் பிரச்சினை.

அரைத்துண்டுக்கு மாறியவரையும் கோட்டுப் போட்டவரையும் அருகருகே நிறுத்தி, ஒருவரை எளிமை என்றும் மற்றவரைப் பகட்டு என்றும் பேசுவது இன்னமும் நடக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ராஜ்கோட் திவானின் மகன் சட்டையைக் கழற்றினால் அது துறவு. சட்டை போடக் கூடாது என்று விதிக்கப்பட்டவன் கழற்றினால் அதற்குப் பெயர் கீழ்ப்படிதல். இழப்பதற்கு மரியாதை உள்ளவனுக்குத்தான் துறப்பதற்கு வழி உண்டு. அதனால்தான் நம் சேரிகளில் நிற்கும் அம்பேத்கர் சிலைக்கு நீலக் கோட்டு. அந்தக் கோட்டு இன்னும் சிலர் கண்ணை உறுத்துகிறது என்பதற்குச் சிலையைச் சுற்றி அடைத்திருக்கும் கம்பிக்கூண்டே சாட்சி.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் கொளுத்தப்பட்டன. அதைத் தொடர்ந்த வாரங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930இல் கோட்டும் கிராப்பும், 2012இல் ஜீன்ஸும் கண்ணாடியும்.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கட்டளை வரும். அது மலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் 'பழங்குடி' என்றால் இலை, இறகு, முகத்தில் கரி. மேடைக்கு வரும் பழங்குடிகள் அந்தப் படத்துக்குப் பொருந்தினால்தான் கீழே இருப்பவர்கள் கைதட்டுவார்கள். சட்டை பேண்ட்டோடு வந்தால், "இவன் பழங்குடியா?" என்று சான்றிதழையே சந்தேகப்படுவார்கள். ஒரு நாள் வேஷம் போடு என்பார்கள், இன்னொரு நாள் கோட்டுப் போடு என்பார்கள். இரண்டிலும் அவன் வழக்கமாக உடுத்துவதற்கு மட்டும் இடமில்லை.

கோட்டு கேட்கும் வாசல்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டுக்காக, சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி சட்டையில் போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வேட்டி கட்டிப்போன வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. சட்டமன்றம் கொதித்தது, எல்லாக் கட்சியும் ஒரே குரலில் பேசின, ஆகஸ்டில் சட்டம் வந்துவிட்டது. வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரை உடையைக் காரணம் காட்டிக் கிளப், ஓட்டல், அரங்கம் போன்ற பொது இடங்களில் தடுக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

நல்ல சட்டம். படித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாள் உதவும். ஒரு நீதிபதியின் வேட்டிக்கு ஒரே மாதத்தில் சட்டம் வந்த வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடக்க வேண்டியிருந்தவர்களுக்காகச் சட்டமன்றம் எப்போதாவது இப்படி ஒரே குரலில் கொதித்ததுண்டா? அந்த விவாதத்தில் வேட்டி தமிழர் பண்பாட்டின் அடையாளமாகப் பேசப்பட்டது. முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்கிக் கட்டக் கூடாது என்று யாருக்கெல்லாம் சொல்லப்பட்டிருந்தது என்பது நினைவுக்கு வரவில்லை.

இனி தம்பி கேட்ட அந்தப் பயத்துக்கு வருகிறேன். கோட்டு பிடிக்கவில்லை என்று போகாமல் இருப்பது வேறு. நாம் போட்டால் நன்றாக இருக்காது, சிரிப்பார்கள் என்று போகாமல் இருப்பது வேறு. முதலாவது என்றால் மேல்தளத்துக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள். இரண்டாவது என்றால் வாடகைக் கோட்டாவது போட்டுக்கொண்டு கூடத்தின் நடுமேசையில் போய் உட்காருங்கள். கூடத்தில் பரிமாறுபவர்களும் வில்-டை கட்டித்தான் நிற்பார்கள். அது அவர்களின் வேலைச் சீருடை, அந்த மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாவதாக, கொண்டுபோன நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு அதே வாசலில் போய் நிற்பதும் உண்டு.

அதில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழங்குடிப் பெண்ணின் அனுபவம் இருக்கிறது. 2017 ஜூன் 25, டெல்லி கோல்ஃப் கிளப். மேகாலயாவின் காசி இனத்துப் பெண் ஒருவர், குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர், தன் முதலாளியம்மாவோடு முறைப்படி அழைக்கப்பட்ட விருந்தினராக மதிய உணவுக்குப் போயிருந்தார். உடுத்தியிருந்தது 'ஜைன்செம்', காசிப் பெண்களின் பாரம்பரிய உடை. சாப்பாட்டு மேசையிலிருந்து அவரை எழுந்துபோகச் சொன்னார்கள். அது வேலைக்காரியின் சீருடைபோல் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். செய்தி நாடெங்கும் பரவிய பிறகு கிளப் மன்னிப்புக் கேட்டது. அதே உடையில் லண்டனுக்கும் அமீரகத்துக்கும் போய் வந்ததாகவும், அங்கெல்லாம் யாரும் தன்னை எழுப்பிவிடவில்லை என்றும் அந்தப் பெண் செய்தியாளர்களிடம் சொன்னார்.