டிஸ்போசல் ஜீப்பும் செல்போன் 'மிலிட்டரிக்காரரும்'

நம்ம போடியில் ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் நடக்கிறது, மலைக்கு மேலே புத்தடியிலும் நடக்கிறது. முன்பு கூவிக் கேட்ட விலையை இப்போது பொத்தானை அமுக்கிக் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரிக் காய் வியாபாரியின் கைக்கு வந்தாக வேண்டும். உள்ளங்கையில் கொட்டிப் பருமன் பார்ப்பார், பச்சை நிறம் பார்ப்பார், இரண்டு காயை உடைத்து அரியைப் பார்ப்பார். அப்புறம்தான் விலை. விற்பவர், வாங்குபவர், ஏலம் நடத்துபவர் யார் யார் என்பதும் முன்பே தெரியும். வியாபாரிக்கும் ஏலம் நடத்துபவருக்கும் லைசென்ஸ் உண்டு.

காயில் இவ்வளவு கறாராக இருக்கும் அதே ஊர்க்காரர்கள், இரண்டு லட்ச ரூபாய்க் காருக்குச் செல்போனில் நாலு படத்தைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறார்கள். இது எப்படி வந்தது என்று யோசித்தால் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

போடிமெட்டுச் சாலைக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் பிரியும் மண் பாதைகளில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் லட்சக்கணக்கில் செய்து குவித்த வண்டி அது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் விற்றார்கள். அதற்கு 'டிஸ்போசல் வண்டி' என்று பெயர். 1947-க்குப் பின் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவிலேயே பூட்ட ஆரம்பித்தது. தோட்ட முதலாளிகள் வாங்கினார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்த வண்டிகள் கைமாறி, காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளாயின. 'மிலிட்டரி வண்டி' என்றால் அன்றைக்கு ஒரு மரியாதை. பராமரிப்பு ஒழுங்காக இருந்திருக்கும், கணக்கு சுத்தமாக இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

புது வண்டி கிடைக்காத காலமும் அதுதான். அம்பாசடர், பியட், பஜாஜ் ஸ்கூட்டர் எதுவானாலும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் பழையது புதியதைவிடக் கூடுதல் விலைக்குப் போனதும் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் இந்த வறட்சி மெல்லத் தீர்ந்தது.

அன்றைக்கும் ஏமாற்று இல்லாமல் இல்லை. புகை கக்கும் இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றி அன்றைக்கு ஒரு நாள் அடக்கி வைப்பார்கள். சத்தம் போடும் கியர் பாக்ஸில் மரத்தூள் போடுவது உலகம் முழுக்க உள்ள வித்தை. ஆனால் விற்றவர் சின்னமனூரிலோ கம்பத்திலோ இருப்பார். புரோக்கர் தினம் நம்ம டீக்கடைக்கு வருவார். சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விஷயத்தை ஒருவர் பொருளாதாரமாகவே எழுதி நோபல் பரிசு வாங்கினார். ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கர். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-இல் அவர் எழுதிய கட்டுரையை முதலில் மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. 2001-இல் அதற்காகவே பரிசு. அவர் சொன்னது சுருக்கமாக இது: வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்காமல் ஒதுங்குவான். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிதான் மிஞ்சும். இவர் 1967-68-இல் டெல்லியில் இருந்தவர். நம்ம ஊர்ப் பெண்கள் கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்குவதையும் அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்கிறார். சுளகும் கையுமாக நம் வீட்டில் அம்மா உட்கார்ந்திருந்ததை ஒருவர் நோபல் கட்டுரையில் ஏற்றிவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் அகெர்லாஃப் காலத்தில் ஓட்டை வண்டியாவது ஒன்று இருந்தது. இன்றைய மோசடியில் வண்டியே கிடையாது.

ஓ.எல்.எக்ஸ். போன்ற தளங்கள் வந்து, 2016-இல் யு.பி.ஐ.யும் வந்த பிறகு பரவிய தந்திரம் இது. விளம்பரத்தில் நல்ல கார், சந்தை விலையில் பாதி. போன் செய்தால், "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, அவசரமாக விற்கிறேன்" என்பார். சிலர் விமான நிலையக் காவலில் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப். என்பார்கள். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடைப் படம் எல்லாம் வரும். அத்தனையும் வேறு யாரிடமோ திருடியவை. நேரில் வரவேண்டாம், ராணுவ வண்டியிலேயே ஏற்றி அனுப்புகிறேன், பார்சல் கட்டணம் மட்டும் போடுங்கள் என்பார். அப்புறம் ஜி.எஸ்.டி., அப்புறம் தாமதக் கட்டணம். ஒவ்வொரு தடவையும் "இது திரும்ப வந்துவிடும்" என்ற உறுதிமொழி. எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை ஒருவர் இரண்டு தவணை அனுப்பிவிட்டார். வாழ்நாள் முழுக்க ஐந்து காசு தவறாமல் கணக்கு எழுதியவர். "மிலிட்டரிக்காரன் பொய் சொல்வானா சார்?" என்று என்னிடம் கேட்டார். டிஸ்போசல் ஜீப் காலத்து நம்பிக்கை அது. திருடன் அதைத்தான் எடுத்துக்கொண்டான்.

2020-இல் சென்னை போலீசார் ராஜஸ்தானின் பரத்பூர் பக்கம் வரை போய், இப்படி ராணுவ வேஷம் போட்டவர்களைப் பிடித்து வந்தார்கள். அவர்கள் ஏமாற்றியது அத்தனையும் போனில் உட்கார்ந்தபடிதான்.

விற்பவர்களையும் விடுவதில்லை. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்" என்பான். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போட வேண்டிய வேலையே கிடையாது. போட்டால் அது கொடுப்பது.

வண்டி நிஜமாகவே இருந்தால், நேரில் போய்ப் பகலில் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகள் துடைத்து மெருகேறிச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மிஞ்சும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். கிலோமீட்டர் மீட்டரை நம்பாமல் கம்பெனி சர்வீஸ் பதிவைக் கேளுங்கள்.

அடுத்தது காகிதம். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். அரசின் வாகன் பதிவேட்டில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது கை, கடன் நிற்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று தெரியும். கடன் இருந்தால் பைனான்ஸ்காரரின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். திருட்டு வண்டியென்றால், நீங்கள் முழுக் காசு கொடுத்திருந்தாலும் அது உங்களுடையதாகாது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறது: தனக்கு இல்லாத உரிமையை ஒருவன் விற்க முடியாது.

எல்லையில் இருக்கும் நமக்கு இன்னொன்று உண்டு. கே.எல். 68, கே.எல். 69 வண்டிகள் இங்கே மலிவாகக் கிடைக்கும்போது, அந்த ஆர்.டி.ஓ. ஆபீசின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, இல்லாமல் தொடாதீர்கள். வெளி மாநில வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், நம்ம வரியும் கட்ட வேண்டும். அதைச் சேர்த்தால் மலிவு என்பது பல நேரம் காணாமல் போய்விடும்.

விற்பவர்கள் செய்யும் ஒரு தவறுதான் எனக்குப் பெரிய கவலை. படிவம் 29, 30-இல் வெறும் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் என்ன ஆகும்? 2018-இல் நவீன்குமார் - விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார் அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தது, விபத்து நடந்தபோதும் பதிவேட்டில் முதல் ஆளின் பெயர்தான் இருந்தது. நஷ்டஈடு அவர் தலையில் விழுந்தது. அதன் பிறகு 2022 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. பழைய வண்டி வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவரிடம் போனதைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன்பின் அந்த வண்டிக்கு அவரே பொறுப்பு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கமிஷன் கடையில் வண்டியை விடும்போது அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930-க்குப் போன். 2021-இல் 155260 என்று தொடங்கி, பிறகு இந்த எண்ணுக்கு மாறியது. பணம் திருடனின் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் வங்கிகளுக்குத் தகவல் போய், மிச்சம் இருப்பதை நிறுத்தி வைக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் காசுதான். பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் நம்பர், பேசிய செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். தேனி சைபர் கிரைம் போலீசிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். பின் நம்பரை நாமே போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி தானாக ஈடு தராது. ரிசர்வ் வங்கியின் 2017 விதி காப்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே போன பணத்தைத்தான்.

கணக்கப்பிள்ளை புகார் கொடுக்க நாலு நாள் யோசித்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெட்கம் என்றார். முதல் தவணை அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. இரண்டாவதில் கொஞ்சம் ஒரு வங்கியில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோர்ட் உத்தரவு வாங்கி எடுக்க வேண்டும்.